டிராவலர் வேனுக்குச் சொந்தமாகச் செய்த ஜன்னல்: பாலிகார்பனேட் ஷீட்டுக்கு எத்தனை மார்க்?

மார்க்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியைப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு கிளம்பிவிடலாம். வேன் ஜன்னலுக்கு 4 மி.மீ. பாலிகார்பனேட் (கண்ணாடி போலத் தெரியும், எளிதில் உடையாத பிளாஸ்டிக்) ஷீட், பத்துக்கு ஆறு. பஸ் பாடி கட்டுகிறவர்களுக்குக் கண்ணாடி போட்டுத் தரும் கடையில் அளவு கொடுத்துச் செய்த டஃபண்டு கண்ணாடியும் (சுட்டுப் பலமாக்கியது), அதைத் தகட்டில் பிடிக்கும் லாக் ரப்பரும், பத்துக்கு ஒன்பது. அக்ரிலிக் என்ற இன்னொரு பிளாஸ்டிக், மூன்று, அதுவும் பளபளப்புக்காகப் போட்ட மார்க்.

எங்கள் வண்டி பழைய ஃபோர்ஸ் டிராவலர். 1987-இல் பென்ஸ் டி1 வேனை வைத்து இங்கே உருவான மாடல், அதற்குப் பிறகு பள்ளிக்கூடம், கல்யாணம், சபரிமலை என்று தமிழ்நாட்டில் அது போகாத வேலை இல்லை. சீட்டைக் கழற்றிப் படுக்கையும் அடுப்பும் வைத்து ஊர் சுற்றும் வண்டியாக மாற்ற நினைப்பவர்கள் முதலில் படுக்கையைப் பற்றித்தான் யோசிப்பார்கள். ஆனால் ஒரு ராத்திரி உள்ளே படுத்துப் பார்த்தால் தெரியும், பிரச்சினை ஜன்னல்தான். நகரும் கண்ணாடி, அது ஓடும் அலுமினியச் சட்டம், உள்ளே தேய்ந்துபோன வெல்வெட் பட்டை. மேடு பள்ளத்தில் கடகடவென்று ஆடும், மழையில் சட்டத்துக்குள் தண்ணீர் தேங்கிப் பக்கத் தகட்டில் இறங்கித் துருப்பிடிக்கும். அதைவிடப் பெரிய தொல்லை, மழை பெய்தால் மூடியே ஆக வேண்டும். நம்ம ஊர் ஐப்பசி மழையில் ஜன்னலை மூடிக்கொண்டு வேனுக்குள் தூங்க முடியுமா? திறந்தால் கொசு. ஆக வேண்டியது மேலே கீல் வைத்துக் கீழே வெளிப்பக்கமாகத் தூக்கித் திறக்கும் ஜன்னல், உள்பக்கம் வலை. மழை பெய்தாலும் காற்று வரும்.

இப்படிப்பட்டது ரெடிமேடாக வெளிநாட்டில் கிடைக்கிறது. டொமெட்டிக் எஸ்4 என்பது இந்த வேலையில் பிரபலமான பெயர். இரட்டை அக்ரிலிக் தகடு, உள்ளேயே கொசுவலை, வெயில் மறைக்கும் திரை, எல்லாம் ஒரே சட்டத்தில் வந்துவிடும். நல்ல பொருள்தான், ஆனால் அது சமமான தட்டைச் சுவருக்காகச் செய்தது. நம் வேனின் பக்கத் தகடு மேலே போகப் போக லேசாக உள்ளே சாயும். அதைச் சரிக்கட்ட மரச்சட்டம் செய்து, இறக்குமதி வரியும் கட்டி, ஒரு ஜன்னலுக்கு ஆகும் காசைக் கணக்குப் போட்டால் நான்கு ஜன்னலுக்குள் வேனின் விலையில் பாதி வந்து நிற்கிறது. சரி, நாமே செய்வோம் என்று இறங்கியது அதனால்தான்.

பாலிகார்பனேட்டில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். போர்டு எழுதுகிறவர்களுக்கும் ஷெட் கூரை போடுகிறவர்களுக்கும் ஷீட் விற்கும் கடைகளில் கிடைக்கும். எந்தக் கம்பெனி ஷீட்டாக இருந்தாலும் ‘லெக்ஸான்’ என்று ஒரு பிராண்டின் பெயரைச் சொல்லித்தான் எடுத்துக் கொடுப்பார்கள். பில்லில் கம்பெனி பெயர் எழுதித் தரச் சொன்னால்தான் உண்மையில் என்ன ஷீட் என்று தெரியும். சதுர அடி இருநூறு ரூபாய்க்கு முன்னே பின்னே சொன்னார்கள், நீங்கள் போகும் நாளில் மாறியிருக்கலாம். குழாய் குழாயாக உள்ளே ஓட்டை இருக்கும் மல்டிவால் ஷீட்டை ஜன்னலுக்கு வாங்காதீர்கள், அதில் வெளிச்சம் வரும், வெளியே இருப்பது தெரியாது. கெட்டியான காம்பாக்ட் ஷீட் என்று கேட்க வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்தது எடை. 4 மி.மீ. ஷீட் ஒரு சதுர மீட்டர் 4.8 கிலோ. அதே இடத்தில் 5 மி.மீ. கண்ணாடி போட்டால் பன்னிரண்டரை கிலோ. தூக்கித் திறக்கும் ஜன்னலுக்கு இது பெரிய விஷயம், கீல் மெலிசாகப் போதும், ஒரு கையால் தூக்கிக் கொக்கி மாட்டலாம். அடுத்தது, வீட்டு வாசலிலேயே ஜிக்சா மெஷினில் பொடிப்பல் பிளேடு போட்டு வெட்டிவிடலாம், நான்கு மூலையையும் உருட்டிவிடலாம், கொஞ்சம் அதிகமாகிவிட்டால் அரத்தில் தேய்த்துச் சரி செய்யலாம். சுடவைக்காமலே லேசாக வளைக்கவும் முடியும், வேனின் பக்கச் சாய்வுக்கு அது போதும். அக்ரிலிக்கில் இதே வேலையைச் செய்தால் வெட்டும்போது இல்லாவிட்டாலும் துளை போடும்போது ஓரம் பிளந்துகொள்ளும். தீயும் அக்ரிலிக்கில் நன்றாகப் பற்றும். உள்ளே அடுப்பு வைக்கிற வண்டியில் அது ஆகாது, இந்தப் பொருளைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

இப்போது பிடிக்காதவை.

கடையில் முதலில் சொல்லும் பெருமை, “சார், சம்மட்டியால அடிச்சாலும் உடையாது.” உண்மைதான். கலவரத்தில் போலீஸ் பிடிக்கும் தடுப்பு இதே பாலிகார்பனேட். அதே ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கரூரில் ஒரு பாடி பட்டறையில் அபிப்பிராயம் கேட்டபோது அங்கிருந்த பெரியவர் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது: “உடையாதுதான், ஒத்துக்கறேன். தீப்பிடிச்சா நீங்க எப்படிங்ணா வெளிய வருவீங்க?” அந்த ஒரு கேள்வியில் என் திட்டத்தில் பாதி மாறிவிட்டது. பஸ்ஸில் சிவப்புச் சுத்தியல் மாட்டி வைப்பது டஃபண்டு கண்ணாடியை உடைத்து வெளியே வருவதற்குத்தான். கூர்மையான நுனியால் ஓரத்தில் ஒரு அடி, மொத்தக் கண்ணாடியும் பொடிப் பொடியாகக் கொட்டிவிடும். பாலிகார்பனேட்டில் அதே சுத்தியல் ஒரு பள்ளம் போட்டுவிட்டுத் திரும்பி வரும். உள்ளே காஸ் அடுப்பு, பேட்டரி, இன்வெர்ட்டர், பஞ்சு மெத்தை, தூங்குகிற குழந்தைகள். இதில் எல்லா ஜன்னலையும் உடையாத பொருளில், அதுவும் திறக்க முடியாதபடி ஒட்டி வைப்பது தப்பு என்று இப்போது அடித்துச் சொல்வேன். பாலிகார்பனேட் போடுவதானால் அது உள்ளிருந்து ஒரே கையில் முழுதாகத் திறக்கும் ஜன்னலாக இருக்க வேண்டும். திறக்காத இடத்தில் டஃபண்டு கண்ணாடி.

அடுத்த குறை, வெயிலில் நீள்வது. 90 செ.மீ. நீளமுள்ள ஷீட் விடிகாலை 25 டிகிரியில் இருந்து மத்தியானம் 65 டிகிரிக்குச் சூடானால் இரண்டேகால் மி.மீ.க்கு மேல் நீளும். அதைப் பிடித்திருக்கும் இரும்புத் தகடு அரை மி.மீ.கூட நீளாது. ஸ்க்ரூவை அளவாகத் துளை போட்டு இறுக்கிவிட்டால் ஷீட் எங்கே போகும்? நடுவில் உப்பும், இல்லாவிட்டால் துளையைச் சுற்றி முடி முடியாகக் கீறல் விடும். அதனால் துளை ஸ்க்ரூவைவிட 3 மி.மீ.யாவது பெரிதாக இருக்க வேண்டும், தலை தட்டையான ஸ்க்ரூவும் அதன் கீழே ரப்பர் வாஷரும் போட வேண்டும். தலை உள்ளே புதையும் ஸ்க்ரூ கூடவே கூடாது, அது ஆப்பு மாதிரி இறங்கி ஷீட்டைப் பிளக்கும். வாஷரும் பி.வி.சி.யில் வேண்டாம். பி.வி.சி.யை மெத்தென்று வைத்திருக்கக் கலக்கும் எண்ணெய் கசிந்து இந்த ஷீட்டைத் தின்றுவிடும், ஈ.பி.டி.எம். ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள்.

தின்கிற சமாச்சாரங்களின் பட்டியல் இன்னும் நீளம். தின்னர், அசிடோன், பெட்ரோல், அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம், நட்டு கழலாமல் இருக்க விடும் லாக்டைட் வகைப் பசை, எல்லாமே ஆகாது. பக்கத்தில் டிங்கரிங், பெயிண்டிங் நடக்கும் பட்டறையில் இந்த ஷீட்டைத் திறந்து வைக்கவே பயமாக இருக்கும். சிலிகானிலும் வினிகர் வாசம் வருவது வேண்டாம், அந்த அமிலம் தகட்டையும் அரிக்கும். நியூட்ரல் என்று டியூபில் எழுதியிருப்பதுதான் சரி.

கீறல் பற்றி எல்லோருக்கும் தெரியும், ஆனால் எவ்வளவு சீக்கிரம் விழும் என்பது வண்டி ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். செம்மண் புழுதி படிந்த ஜன்னலைக் காய்ந்த துணியால் ஒரு முறை துடைத்தால் போதும், சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது வட்டம் வட்டமாகக் கோடு தெரியும். கடினப் பூச்சு போட்ட ஷீட் இருக்கிறது, விலை ஏறும், அதை வளைக்கும் அளவும் குறையும். மஞ்சளாவதற்கு மருந்து யு.வி. பூச்சுதான். பல ஷீட்டில் அது ஒரு பக்கம் மட்டும் இருக்கும், எந்தப் பக்கம் என்று மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் காகிதத்தில் அச்சடித்திருப்பார்கள். காகிதத்தை உரிப்பதற்கு முன்னால் ஒரு ஓரத்தில் மார்க் போட்டுவையுங்கள், உரித்த பிறகு கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் காகிதத்தோடு ஷீட்டை வெயிலில் நாள் கணக்கில் போட்டு வைத்தாலும் அது வெந்து ஒட்டிக்கொண்டு பிறகு நகத்தால் சுரண்ட வேண்டியிருக்கும்.

இன்னொன்று, “சூடு உள்ளே வராது சார்” என்று விற்பது. பொருளாகப் பார்த்தால் கண்ணாடியைவிட பாலிகார்பனேட் வெப்பத்தைக் குறைவாகக் கடத்தும், அது நிஜம். ஆனால் 4 மி.மீ. கனத்தில் அந்த வித்தியாசம் பத்து சதவீதத்துக்கு உள்ளேதான் நிற்கும். உடம்பைச் சுடுவது நேராக விழும் வெயில், அதற்கு ஷீட்டைவிட ஒரு திரைச்சீலை அதிகம் உதவும். இரண்டு ஷீட்டை இடைவெளி விட்டு ஒட்டினால் நிஜமாகவே குறையும், ஆனால் நடுவில் ஈரம் புகாமல் ஓரம் முழுக்க பியூட்டைல் டேப் ஒட்டி, சிலிக்கா ஜெல் வைத்து, அதுவும் நீண்டு சுருங்கும்போது விடாமல் பிடிக்கிற மாதிரி செய்வது வீட்டில் ஆகிற வேலையாக எனக்குத் தோன்றவில்லை. ஊட்டி, கொடைக்கானல் பக்கமே அதிகம் தங்குகிறவர்கள் வேண்டுமானால் முயன்று பார்க்கலாம், அங்கே இரண்டு பேர் விடும் மூச்சுக்கே விடிகாலையில் ஒற்றை ஜன்னலில் தண்ணீர் வழியும்.

பெரிய ஜன்னலுக்கு இது ஒத்துவராததற்குக் கடைசிக் காரணம் விறைப்பு. அதே கனத்தில் கண்ணாடி இதைவிட ஏறக்குறைய முப்பது மடங்கு விறைப்பு. டிராவலரின் நடுப்பக்க ஜன்னல் அளவுக்கு 4 மி.மீ. ஷீட்டை ரப்பரில் மாட்டினால் நெடுஞ்சாலையில் எதிரே பஸ் கடக்கும்போது உள்ளே வளைந்து வெளியே வரும், உள்ளிருந்து சாய்ந்தால் ரப்பரை விட்டு நழுவவும் நழுவும். கனத்தை 6 மி.மீ. ஆக்கினால் விலையும் ஏறும், எடையில் கிடைத்த லாபமும் குறையும். சின்ன ஜன்னலில், அலுமினியக் கோணத்தைச் சுற்றி வைத்து விறைப்பாக்கினால் இந்தத் தொல்லை இல்லை.

அதனால் கடைசியில் செய்தது இது. பக்கத்துக்கு ஒன்றாகப் படுக்கைப் பக்கம் இரண்டு சிறிய ஜன்னல் மட்டும் பாலிகார்பனேட்டில், தூக்கித் திறப்பது. மேலே முழு நீளத்துக்கும் பியானோ கீல், கீலுக்கு மேலே அதை மூடுகிற மாதிரி ஒரு ரப்பர் பட்டை. இந்தப் பட்டை இல்லாமல் என்னதான் சிலிகான் அடைத்தாலும் கீல் வழியாகத் தண்ணீர் வரும், ஆடுகிற இடத்தில் சிலிகான் நிற்காது. ஓரத்தைச் சுற்றி கார் டிக்கிக்குப் போடும் பீடிங்: உள்ளே கம்பி வைத்துத் தகட்டைக் கவ்விக்கொள்ளும், மேலே உருண்டையான மெத்தைப் பகுதி இருக்கும். ஜன்னல் மூடும்போது அந்த உருண்டை பாதியாவது அமுங்க வேண்டும், அதற்கு இழுத்துப் பூட்டும் டாகிள் கொக்கி இரண்டு. சாதாரணத் தாழ்ப்பாள் போட்டால் மூடும், ஆனால் அமுக்காது, அமுங்காத பீடிங்கில் மழை வரும். உள்பக்கம் கொசுவலையை வெல்க்ரோவில் ஒட்டியிருக்கிறேன், அவசரத்துக்கு ஒரு இழுப்பில் வந்துவிடும். ஸ்க்ரூ போட்டு நிரந்தரமாக அடிக்கும் வலை, நான் மேலே சொன்ன காரணத்துக்காகவே, வேண்டாம்.

மற்றதெல்லாம் கண்ணாடி. இதற்குத்தான் கரூர்.

பஸ் பாடி கட்டும் பட்டறைகள் கரூரில் வரிசையாக இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவற்றை நம்பி ரப்பர், அலுமினியச் சட்டம், ஷட்டர், கண்ணாடி, ரிவெட் விற்கிற கடைகளும் கூடவே இருக்கின்றன என்பதுதான் நம்மைப் போன்றவர்களுக்கு வேண்டிய செய்தி. வீட்டு ஜன்னலுக்குக் கண்ணாடி போடும் கடையில் ஏன் செய்யவில்லை என்று கேட்கலாம். டஃபண்டு என்று இரண்டு இடத்திலும்தான் சொல்வார்கள், ஆனால் ஐ.எஸ். 2553 தரத்தில் முதல் பகுதி கட்டடத்துக்கு, இரண்டாம் பகுதி வண்டிக்கு. மத்திய மோட்டார் வாகன விதி 100 கேட்பது இரண்டாம் பகுதி முத்திரை. எப்.சி.க்குப் போகும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் கண்ணாடி மூலையில் குனிந்து பார்த்தால் அங்கே அந்தக் குறி இருக்க வேண்டும். அதே விதிப்படி பக்கக் கண்ணாடியில் 50 சதவீத வெளிச்சமாவது உள்ளே வர வேண்டும், எனவே கறுப்புக் கண்ணாடி ஆசை இருந்தால் அளவோடு. இதே கணக்கில் போர்டு கடைப் பாலிகார்பனேட்டுக்கு எந்த முத்திரையும் கிடையாது என்பதையும் மறைக்கக் கூடாது, மேலே மார்க் குறைந்ததில் அதற்கும் பங்கு உண்டு. வண்டியின் அமைப்பையே மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி அனுமதி, ஆர்.சி. புக்கில் பதிவு என்று தனிக் கதை இருக்கிறது. வெட்டுவதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவது நல்லது, வெட்டிய தகடு திரும்ப ஒட்டாது.

டஃபண்டு கண்ணாடியை அறுநூறு டிகிரிக்கு மேல் சுடவைத்துக் காற்றடித்துச் சட்டென்று ஆறவைக்கிறார்கள். அதற்குப் பிறகு அதை வெட்டவோ துளை போடவோ முடியாது, முயன்றால் கையில் மணல்தான் மிஞ்சும். ஆகவே அளவு முழுக்க நம் பொறுப்பு. டேப்பில் அளந்த நீளம் அகலத்தை எழுதிக் கொடுக்காதீர்கள். 3 மி.மீ. பிளைவுட்டில் மாதிரி வெட்டி, வேனில் ரப்பரோடு வைத்துப் பார்த்து, அதன் மேல் ‘வெளிப்பக்கம்’, ‘இடது’, ‘மேல்’ என்று எழுதிக் கொடுங்கள். மாதிரி, தகட்டில் உள்ள ஓட்டையைவிட ஒவ்வொரு பக்கமும் 5 மி.மீ. போல சிறிதாக இருக்க வேண்டும், சரியான எண் நீங்கள் வாங்கும் ரப்பரின் நடுக் கனத்தைப் பொறுத்தது. மூலைகளைக் குறைந்தது 75 மி.மீ. ஆரத்தில் உருட்டுங்கள். கூர்மையான மூலையில் ரப்பர் திரும்பாது, மடிந்து நிற்கும், அந்த மடிப்பில் தண்ணீர் வரும். தகட்டிலும் கூர் மூலை இருந்தால் வண்டி முறுக்கும்போது அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும்.

கடையின் சேவையைப் பற்றி: மாதிரியைக் கொடுத்தால் வெட்டி, ஓரம் தேய்த்து, சூளைக்கு அனுப்பி வாங்கித் தருகிறார்கள். பஸ் ஆர்டர் இருக்கும்போது நம் நான்கு துண்டுக் கண்ணாடிக்கு முன்னுரிமை கிடைக்காது, அதை எதிர்பார்த்துப் போக வேண்டும். போன் எடுக்கவே மாட்டார்கள், நேரில் போனால் டீ வாங்கிக் கொடுப்பார்கள். எங்களுக்கு வந்ததில் ஒரு கண்ணாடி மாதிரியைவிடப் பெரிதாக வந்திருந்தது, ரப்பரில் ஏறவில்லை. பிளைவுட் மாதிரியை அதன் மேல் வைத்துக் காட்டியதும் வாக்குவாதம் இல்லாமல் மறுபடி செய்து கொடுத்தார்கள், காசு கேட்கவில்லை. போன மார்க் ஒன்று அந்தக் காத்திருப்புக்கு.

ரப்பர்தான் இந்த வேலையின் நாயகன். லாக் ரப்பரில் ஒரு பள்ளம் தகட்டைக் கவ்வும், ஒரு பள்ளம் கண்ணாடியைக் கவ்வும், வெளிப்பக்கம் ஒரு வாய் இருக்கும், அதில் தனியாக ஒரு பட்டையைத் திணித்தால் இரண்டும் இறுகிக்கொள்ளும். தகட்டுக் கனமும் கண்ணாடிக் கனமும் சொல்லித்தான் வாங்க வேண்டும், கண்மதிப்பில் வாங்கினால் தொளதொள என்று இருக்கும். மாட்டுகிற விதத்தைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். கண்ணாடியைச் சுற்றி ரப்பரைப் போட்டு, தகடு உட்காரும் பள்ளத்தில் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றி, நுனி இரண்டையும் உள்ளே தொங்கவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியே ஒருவர் உள்ளங்கையால் தட்டத் தட்ட உள்ளே ஒருவர் கயிற்றை இழுத்துக்கொண்டே வருவார். ரப்பரின் உதடு வரிசையாகத் தகட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டே போகும். பட்டறையில் இரண்டு பேர் சேர்ந்து பேசிக்கொண்டே ஒரு ஜன்னலை மாட்டிவிடுகிறார்கள். கூலி கொடுத்து அங்கேயே மாட்டிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். நீங்களே மாட்டுவதானால் ரப்பரின் இணைப்பும் உள்பட்டையின் இணைப்பும் ஒரே இடத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டையை இழுத்து நீட்டித் திணிக்காதீர்கள், பிறகு சுருங்கி இடைவெளி காட்டும். வெட்டிய தகட்டின் ஓரத்துக்கு பிரைமர் அடித்துவிட்டு ரப்பர் போடுங்கள், ரப்பருக்கு உள்ளே துருப்பிடித்தால் வெளியே தெரிவதற்குள் தகடு போயிருக்கும்.

கண்ணாடி ஜன்னலில் சத்தமும் குறைவு. கனமான பொருள் என்பதால் லாரி ஹாரன் அமுங்கிக் கேட்கிறது, மழை விழும் ஓசையும் பாலிகார்பனேட் பக்கம் தலை வைத்துப் படுத்தால்தான் டப்டப் என்று தெரிகிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு: ஆம்னி மாதிரிச் சின்ன வண்டியாக இருந்தால் ஒரு பக்கத்துக்கு ஒரு தூக்கு ஜன்னல் போதும், அதை மட்டும் பாலிகார்பனேட்டில் செய்யுங்கள். டிராவலர், ஸ்வராஜ் மஸ்தா அளவு வண்டி என்றால் நிலையான ஜன்னல் எதற்கும் ஷீட் கடைப் பக்கமே போக வேண்டாம், சென்னை புதுப்பேட்டையிலோ கரூரிலோ ரப்பரை முதலில் வாங்கி, அதன் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பிறகு கண்ணாடிக்கு அளவு போடுங்கள். பெட்ரோல் பங்கில் பையன்கள் நீலத் தண்ணீரும் துணியுமாக வந்தால் முன் கண்ணாடியோடு நிறுத்தச் சொல்லுங்கள். தூக்கு ஜன்னலுக்குத் தண்ணீரை நன்றாக ஊற்றிப் புழுதியைக் கழுவிவிட்டு, கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பும் மெத்தென்ற துணியும் போதும்.